அண்டத்தின் ஒடுக்கமும் மீளத் தோற்றமும்

அண்டம் ஒடுங்கி மீளத் தோன்றுமென்னும் நஞ்சமயக் கொள்கையைப் பௌதிகம் மெய்ப்பித்ததென யாமும் வகுப்பிற் கூறியதுண்டு, அது பிழை. கணிதங் கூறுவது யாதெனக் காண்பாம்.

1922இல் உருசியராகிய பிரீட்மன், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளினின்று, விரிந்து சுருங்கும் அண்டமும் பெறப்படுமெனக் காட்டினார். 1930களில் அமெரிக்கராகிய தோல்மன் அதனை வெப்பவியலொடு பொருத்தி ஆராய்ந்தார். ஒழுங்கின்மையின் அளவாகிய எந்திரப்பி சுற்றுத்தோறும் மிகும். ஆதலின் ஒவ்வொரு சுற்றும் முந்தியதினும் பெரிதும் நெடிதுமாம். பின்னோக்கிக் கணிப்பின் சிறுகிச் சிறுகிச் செல்லும். ஆகவே, ஆதியொன்றுண்டோ என்னும் வினா நீங்கிற்றில்லை.

1998இல் அண்டவிரிவு விரைவுறுதல் அறியப்பட்டது. 2002இல் ஸ்டைன்ஹார்ட், தூரொக் என்போர், அத்தகைய நெடுவிரிவால் எந்திரப்பி ஐதாகிச் சுற்றுக்கள் ஒத்து நிகழுமென வேறொரு மாதிரி வகுத்தனர். விரிவு காணப்பட்டது, ஒடுக்கமோ கணக்களவிலேயே உளது.

ஆசிரியர்காள்! இவ்விரண்டையும் மாணாக்கர்க்குப் பிரித்துணர்த்துமின். நஞ்சமயம் கடன் வாங்கிய சான்றால் நிற்பதன்று.