கார்டுக்கேற்ற திரை

சேலம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. ஃபோனில் அவசரமாகச் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். மானிட்டர் ஒருமுறை வாங்கினால் பல வருஷம் மேஜையில் நிற்கிற சாமான்; அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று மானிட்டர் படத்தை அனுப்பி, எது நல்லது என்று கேட்டிருந்தாய்: 32 இஞ்ச் 4கே, 27 இஞ்ச் 1080பி, 27 இஞ்ச் 1440பி. நீ வாங்கிப் போட்டிருக்கும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு இதில் எதை இழுக்கும் என்று முதலில் பார்ப்போம்.

நாமக்கல்லில் பிறந்த உனக்கு லாரி பாடி கட்டுகிற வேலையை விளக்க வேண்டியதில்லை. சேஸிஸ் எவ்வளவு தாங்கும், இன்ஜின் எவ்வளவு இழுக்கும் என்று தெரியாமல் உன் அப்பா எந்த வண்டிக்கும் பாடி கட்ட மாட்டார். இங்கே இன்ஜின் உன் கார்டு, பாரம் பிக்ஸல்.

1080பி என்றால் 1920-ஐ 1080-ஆல் பெருக்கிக்கொள், ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்ஸல். 1440பியில் 36.9 லட்சம். 4கேயில் 82.9 லட்சம். கேம் ஓடும்போது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இத்தனை பிக்ஸலுக்கும் நிறம் கணக்குப் போட்டாக வேண்டும். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் நொடிக்கு 60 தடவை. திரை எத்தனை இஞ்ச் என்பது கார்டுக்குத் தெரியவே தெரியாது. 24 இஞ்ச் 1080பி ஆனாலும் 32 இஞ்ச் 1080பி ஆனாலும் அதற்கு ஒரே வேலைதான். ரெசல்யூஷன் கார்டைப் பொறுத்தது, இஞ்ச் உன் கண்ணையும் மேஜையையும் பொறுத்தது. கடையில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுவார்கள்.

4கேயை இப்போதே விட்டுவிடு. 1080பியைப் போல நான்கு மடங்கு பாரம் அது. 4060-இல் மெமரி 8 ஜிபிதான். புதிய பெரிய கேம்களை 4கேயில் நல்ல டெக்ஸ்சரோடு ஓட்டினால் மெமரி நிரம்பி, படம் விக்கி விக்கி நகரும். அதற்காக செட்டிங்கையெல்லாம் தாழ்த்திவிட்டு விளையாடுவதற்கா அவ்வளவு காசு கொடுப்பது?

27 இஞ்ச் 1080பி பற்றித்தான் உன்னிடம் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். விலை குறைவு, பெட்டி பெரிசு, கார்டுக்கும் சுலபம். நிறைய பிள்ளைகள் அதில்தான் போய் விழுகிறார்கள். 24 இஞ்சில் 1080பி இருந்தால் ஒரு இஞ்சுக்குச் சுமார் 92 பிக்ஸல் வரும். அதே 1080பியை 27 இஞ்சுக்கு இழுத்து விரித்தால் 82 ஆகிவிடுகிறது. 27 இஞ்சில் 1440பி என்றால் 109. நல்ல பார்வை உள்ளவனுக்கு அந்த 82-இல் பிக்ஸல் தனித்தனியாகத் தெரியாமல் இருக்க ஏறத்தாழ மூன்றரை அடி தள்ளி உட்கார வேண்டும். உன் அறையில் சுவரை ஒட்டிப் போட்டிருக்கும் மேஜை இரண்டடி ஆழம்கூட வராது. கேமில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவேளை கவனிக்க மாட்டாய். எழுத்தைப் படிக்கும்போது தெரிந்துவிடும். அதுவும் நம் எழுத்தில் ண, ணை, ஞூ என்று சுழி நிறைய. சின்ன அளவில் அந்தச் சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். நீ மெக்கானிக்கல் படிக்கிறாய். ஆட்டோகேடில் மெல்லிய சாய்கோடு போட்டால் ரம்பப் பல் மாதிரி தெரியும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் அந்தத் திரையைப் பார்க்கப் போகிறவன் நீ, கடைக்காரர் அல்ல.

ஆக, என் யோசனை 27 இஞ்ச் 1440பி, ஐபிஎஸ் பேனல்.

“4060-ஐ 1080பி கார்டு என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள் மாமா” என்பாய். என்விடியாவே 2023-இல் அதை 1080பிக்கென்று சொல்லித்தான் விற்பனைக்கு விட்டது. இருந்தாலும் டிஎல்எஸ்எஸ் என்ற ஒன்று உன் கையில் இருக்கிறது. 1440பியில் அதை ‘குவாலிட்டி’யில் வைத்தால், கார்டு உள்ளுக்குள் வரைவது 1707-க்கு 960 மட்டுமே. பெருக்கிப் பார், 16.4 லட்சம் பிக்ஸல், முழு 1080பியைவிடக் குறைவு. மிச்சத்தை அதற்கென்றே கார்டில் இருக்கும் டென்ஸர் கோர்கள் நிரப்பிக் கொடுக்கும். அந்த நிரப்புகிற வேலைக்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், இலவசமில்லை. ஆனாலும் சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேமை, ரே டிரேசிங்கை அணைத்துவிட்டு, 60 ஃப்ரேமுக்குக் குறையாமல் இப்படி ஓட்டலாம். வேலரண்டுக்கு இந்தத் துணைகூட வேண்டாம், 1440பியிலேயே 150-ஐத் தாண்டிப் போகும்.

ஒன்றை மட்டும் செய்யாதே. கேம் கனமாக இருக்கிறதென்று 1440பி திரையில் ரெசல்யூஷனை 1080பிக்கு இறக்காதே. ஒரு பிக்ஸலை ஒன்றே கால் சொச்சம் பிக்ஸலில் பரப்ப முடியாது, படம் கலங்கித்தான் போகும். ரெசல்யூஷனை 1440பியிலேயே விட்டு, டிஎல்எஸ்எஸ்ஸைப் போட்டுக்கொள், நிழல், பிரதிபலிப்பு செட்டிங்கைக் குறைத்துக்கொள்.

வேலரண்ட் ஒன்றுதான் விளையாடுவேன், போட்டிகளில் சேரப்போகிறேன் என்று நீ முடிவெடுத்தால் நான் தடுக்க மாட்டேன். அப்போது 24 இஞ்ச் 1080பி, 180 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ எடு. திரை முழுக்கக் கண்ணுக்குள் அடங்கும், மினி மேப்பைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டாம். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். கதை உள்ள கேம்தான் உனக்குப் பிடிக்கும், அதோடு படிப்பும் இருக்கிறது. நாலைந்து வருஷத்தில் கார்டை மாற்றுவாய், மானிட்டரை மாற்ற மாட்டாய். அடுத்த கார்டுக்கும் 1440பி பொருந்தும்.

ஹெர்ட்ஸ் விஷயத்தில் 144, 165, 180 எது கிடைத்தாலும் போதும். 60-இல் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 144-இல் 6.9. அந்த வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். 165-க்கும் 180-க்கும் நடுவில் உள்ளது தெரியாது, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதே. ஃப்ரேம் ஏறி இறங்கும்போது படம் கிழியாமல் இருக்க அடாப்டிவ் சிங்க் கட்டாயம் வேண்டும். ஜி-சிங்க் என்ற ஸ்டிக்கரைத் தேடாதே; 2019 ஜனவரியிலிருந்து ஃப்ரீசிங்க் மானிட்டர்களிலும் என்விடியா கார்டு அதைச் செய்கிறது.

விலை பேசும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது 32 இஞ்சுக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு. 32 இஞ்ச் வரைக்கும் 2019-இலிருந்தே 18-தான். 27 இஞ்சைக் காட்டி, “வரி குறைஞ்சதால இந்த விலை” என்று யாராவது சொன்னால் அதை நம்பி அவசரப்பட்டு வாங்கிவிடாதே.

கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல். முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரையை மாற்றி மாற்றிப் பார். செத்த பிக்ஸல் இருந்தால் அங்கேயே தெரியும். ஒன்றிரண்டு இருந்தால் மாற்றித் தருவார்களா என்பதை வாரண்டியில் படித்துப் பார்த்த பிறகு பணம் கொடு. ஸ்டாண்டு உயரம் மாறுமா என்றும் பார். மாறாவிட்டால் புத்தகத்தை அடுக்கி வைக்க வேண்டிவரும்.

வீட்டுக்கு வந்ததும் டிஸ்ப்ளே போர்ட் கேபிளைக் கார்டின் பின்னால் உள்ள துளையில் செருகு. மதர்போர்டில் செருகிவிட்டு ஃப்ரேம் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் இன்றைக்கும் சர்வீஸுக்கு வருகிறார்கள். விண்டோஸ் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸிலேயே நிறுத்தியிருக்கும். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குள் போய் நீதான் ஏற்ற வேண்டும். கேமில் ஃப்ரேம் வரம்பை மானிட்டரின் ஹெர்ட்ஸுக்கு மூன்று நான்கு கீழே வை. திரை காட்டாத ஃப்ரேமைக் கார்டு வரைந்தால் சூடுதான் மிச்சம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் உன் மாடி அறை ஏற்கெனவே கொதிக்கும்.

அந்த மேற்கு ஜன்னலுக்கு எதிரில் திரையை வைக்காதே. மேஜையைப் பக்கவாட்டுச் சுவருக்கு நகர்த்து, கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டால் கண்ணுக்கும் திரைக்கும் இரண்டேகால் அடி கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி வா, இங்கே இரண்டு மூன்று கடையில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வாங்கலாம். உன் அம்மாவிடம் பட்ஜெட்டை முன்னாடியே சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா