பழைய பிரம்பு மஞ்சத்தைச் செப்பனிடும் முறை

கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் முதலிய பகுதிகளின் தோட்டங்கள் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறிய காலத்தில் துரைமார் பங்களாவிலிருந்து கைமாறி வந்த பிரம்பு மஞ்சம் ஏதேனும் உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்குமாயின், அதனை விறகாக்குமுன் சற்றே பொறுங்கள். பிரம்பு விளையாத இத்தாலியில், 1889 முதல் பிரம்புத் தொழிலையே நடத்திவந்த பொனாச்சினா நிறுவனத்திற்காகக் கட்டடக் கலைஞர் பிராங்கோ அல்பினி 1951-இல் வகுத்த 'மார்கெரிட்டா' நாற்காலியைப் பார்த்தால், மெல்லிய பிரம்புகளே வளைந்தும் பிணைந்தும் பாரத்தைத் தம்முள் பகிர்ந்துகொள்வது விளங்கும். உங்கள் மஞ்சத்தின் பலமும் பெரிதும் அதன் கட்டுகளில்தான் இருக்கிறது. ஆணி அடித்து அதனைக் காக்க முயல்வது வீண் பிரயாசை.

முதலில் மஞ்சத்தைக் கவிழ்த்துப் பரிசோதியுங்கள். ஊசித் துளைகளின் கீழே மாவுபோல் புதுத்தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறதென்று அர்த்தம். அவ்விடத்து வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்தெடுத்த பின்னரே போராக்ஸ் கரைசலைத் தடவவேண்டும். வார்னிஷின்மேல் தடவிய மருந்து உட்செல்லாது. பாரம் தாங்கும் கால் உளுத்திருந்தால் மட்டும் ரோத்தான் மனாவ் என்னும் தடித்த பிரம்பு புதிதாகத் தேவை.

அழுக்கைத் தூரிகையாலும் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும் துடைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்துங்கள். உச்சிவெயில் பிரம்பை வெடிக்கச் செய்யும்.

இனிக் கட்டு. ரோத்தான் சேகா என்னும் மெல்லிய பிரம்பின் தோலிலிருந்து சீவிய நாரை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அதன் நுனியை மூட்டின்மேல் நீளவாக்கில் கிடத்தி, பளபளப்பான முகம் வெளியே தெரிய, அந்நுனியை மூடியவாறே நெருக்கமாகச் சுற்றி வாருங்கள். கடைசி நான்கைந்து சுற்றுக்களைச் சற்றுத் தளர்வாக விட்டு, முடிநுனியை அவற்றின் அடியில் நுழைத்து, பின்னர் ஒவ்வொன்றாக இறுக்கி நுனியை இழுத்தால், முடிச்சே இல்லாமல் கட்டு நிற்கும். ஈரம் வற்றும்போது நார் சுருங்கி மூட்டைக் கவ்விக்கொள்ளும். அவசரக்காரர்கள் உலர்ந்த நாரால் சுற்றிவிட்டுப் பிரம்பைக் குறைகூறுவதுண்டு.

தொய்ந்த பின்னலுக்கு, வார்னிஷ் படாத அடிப்பக்கத்தில் வெந்நீர்த் துணியை ஒற்றி இரவு முழுவதும் விடுங்கள். இழை அறாதிருந்தால் பெரும்பாலும் இறுகிவிடும். நன்றாக உலருமுன் ஒருவரும் அமரலாகாது.

நிற்க, வெள்ளைப் பெயிண்ட் அடிக்கும் மோகம் எனக்குச் சம்மதமில்லை; அது கட்டுகளின் அழகையும் பழுதையும் ஒருங்கே மறைத்துவிடும். மெல்லிய அரக்கு வார்னிஷ் ஒரு பூச்சுப் போதும். மழைக்காற்று வீசும் நாளில் பூசினால் வெளுத்துவிடுமாதலால் வறண்ட நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். சிமெந்துத் தரையின் ஈரம் ஏறாதிருக்கக் கால்களுக்கு ரப்பர் உறை மாட்டி, மேலே இலவம்பஞ்சு மெத்தையை விரிக்கலாம்.