உண்ட உணவே நஞ்சாகுங்கால்

பிரான்சு நாட்டறிஞர் சாள்சு றிஷேயும் போர்த்தியேயும் கடற்சாமந்தியின் நஞ்சினை நாய்களுக்கு ஏற்றி ஆராய்ந்தனர். முதன்முறை அதனைத் தாங்கிய நாய், சில வாரங்களின் பின் சிறிதளவே பெற்றும் விரைவில் மாண்டது. இந்நிலைக்கு 1902 இல் ‘அனபிலாக்சிசு’ எனப் பெயரிட்ட றிஷே, 1913 இல் நொபெல் பரிசு பெற்றார்.

உடலைக் காக்கும் ஆற்றலே உணவைப் பகையெனக் கொண்டு பொங்குதல் இதன் காரணமாம். கச்சான், மரமுந்திரிகை, இறால், நண்டு, பால், முட்டை முதலியன சிலர்க்கு இவ்விடரை விளைக்கும்.

உண்ட சிறிது நேரத்துள் தோலில் தினவுந் தடிப்புந் தோன்றும். உதடும் நாவும் வீங்கும். இவற்றோடு குரல் கம்முதல், மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, மயக்கம் என்பவற்றுள் ஒன்று கூடினும் உயிர்க்கு இடரெனத் துணிக. தோலிற் குறியேதுமின்றியும் இது நேர்தலுண்டு.

இதற்கு முதன்மருந்து அதிரினலினே. கைவசமிருப்பின் தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே ஏற்றுக. ஐந்து நிமிடத்திற் குணங்காணாவிடின் மீண்டும் ஏற்றுக. தினவுக்கான மாத்திரை அதற்கு ஈடாகாது. இலங்கையில் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவுவண்டியை வருவிக்க. நோயாளியைக் கிடத்திக் கால்களை உயர்த்துக. மூச்சுத் திணறுவோர் இருக்கலாம். எழுந்து நடக்க விடலாகாது. சடுதியாக எழுந்தமையால் மாண்டோருமுளர். தேறியவரையும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. குறிகள் சில மணிநேரத்தில் மீளவுங்கூடும்.

விருந்தோம்பல் நம்மவர்க்கு அறம். ஆயினும் ‘எனக்கு ஒவ்வாது’ என்பாரை ‘ஒரு துண்டுதானே’ என வற்புறுத்தல் அறமாகாது. இறாற்குழம்பைத் துழாவிய அகப்பை மரக்கறியுட் புகினும் ஓருயிர்க்கு அது போதும்.