வலிக்காத கண்ணும் நூறு நாட்களும்

கண்ணின் குறுக்குவெட்டு முகத்தை விஞ்ஞானப் பாடத்திற்காக நாம் எல்லோரும் வரைந்திருக்கிறோம். விழிவெண்படலத்துக்கும் வில்லைக்கும் இடையே ‘நீர்மயவுடனீர்’ என்று குறித்துப் புள்ளியும் பெற்றிருக்கிறோம். அந்த நீர் தேங்கி நிற்பதன்று என்பதைப் படம் காட்டுவதில்லை. அது ஓயாமல் சுரந்து, கதிராளியின் ஓரத்து மூலையில் உள்ள சல்லடை போன்ற இழையத்தின் வழியே வடிந்து குருதியில் சேர்கிறது. அதனால் கண்ணின் உள்ளமுக்கம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசத்துக்குள் நிற்கிறது. வடிகால் அடைபட்டால் அமுக்கம் ஏறும், பார்வை நரம்பு நசியும். இதுதான் குளுக்கோமா.

குளுக்கோமா பல வழிகளில் வரும். அவற்றுள் ஒன்று கண்ணின் பின்புறத்தில், விழித்திரையின் குருதிக் குழாய்களில் தொடங்குகிறது. உயர் குருதியமுக்கம் அல்லது சீனி வருத்தம் உள்ள ஒருவருக்கு விழித்திரையின் மைய நாளம் திடீரென அடைபடலாம். காலையில் எழும்போது ஒரு கண் மங்கியிருக்கும், வலி இராது. “கண்ணாடி மாத்தினாச் சரியாகும்” என்று வீட்டுப் பெரியவர்கள் இருந்துவிடுவார்கள். மற்றக் கண் நன்றாகத் தெரிவதால் சிலர் அதைக் கவனிப்பதே இல்லை.

ஒட்சிசன் போதாத விழித்திரை சும்மா இருப்பதில்லை. புதிய குழாய்களை வளரச் செய்யும் ஒரு புரதத்தை அது வெளிவிடுகிறது. அப்படி ஒரு பதார்த்தம் இருக்க வேண்டுமென 1948இல் மைக்கேல்சன் என்ற கண் வைத்தியர் கருதினார். இன்று வீஈஜீஎஃப் எனப்படும் புரதத்தை 1989இல் ஃபெராராவின் குழு பிரித்தெடுத்தது. விழித்திரை கேட்பது உதவி, கிடைப்பதோ உபத்திரவம். மெல்லிய, கசியும் குழாய்கள் கதிராளியின்மேல் படர்ந்து வடிகால் மூலையை மூடிவிடுகின்றன. எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. குருதியோட்டம் கடுமையாகத் தடைப்பட்ட கண்களுக்கே இந்த ஆபத்து அதிகம். நேர்ந்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் நேரும். ‘நூறு நாள் குளுக்கோமா’ என்ற பெயர் அதனால்தான் வந்தது.

அப்போது கண் சிவந்து கடுமையாக வலிக்கும். தலையிடியும் வாந்தியும் சேரும். விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரியும். வாந்திக்கு ஒரு குளிசை போட்டுப் படுக்கிற நேரமல்ல அது. அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும், ஏனெனில் செத்த பார்வை நரம்பு மீள்வதில்லை.

இந்நோயில் என்னை உறுத்துவது இதுதான்: வலியில்லாத அந்த நூறு நாட்களில்தான் செய்யக்கூடியது அதிகம். கதிராளியில் புதுக்குழாய் அரும்புகிறதா என்று வைத்தியர் பெருப்பித்துப் பார்ப்பார். அரும்பினால் விழித்திரைக்கு லேசர் சிகிச்சை செய்வார், அந்தப் புரதத்தை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியால் ஏற்றுவார். ஆனால் வலியில்லாதபோதுதான் கிளினிக் திகதி தவறுகிறது. பஸ் ஏறி, வரிசையில் காத்திருந்து, கண்மணியை விரிக்கும் துளிமருந்து விட்டபின் சில மணி நேரம் கண் கூசத் தட்டுத்தடுமாறி வருவதற்கு எந்த உம்மம்மாவும் தனியே விரும்பமாட்டார். துணைக்கு ஒருவர் போனால் போவார்.