காவேரியின் வெள்ள நிலைகளும் கரையோரக் கிராமங்களும்

ஆற்று வெள்ளத்தை அளக்க இருவகை அளவுகள் வழங்குகின்றன. அளவுகல் நட்ட இடத்தில் ஜலம் எத்தனை அடி உயரம் நிற்கிறது என்பது ஒன்று; வினாடிக்கு எத்தனை கன அடி ஜலம் அவ்விடத்தைக் கடந்து செல்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குவோர் கிராமங்களிற் பலர். "மேட்டூரில் 120 அடி" என்று கேட்டவுடன் அதுவே ஆற்றின் வெள்ளம் என்று அஞ்சுகின்றனர். அஃது அணையின் நீர்மட்டமேயாம். ஆயினும் அச்செய்தியில் கவனிக்கத்தக்கது வேறொன்றுண்டு. 1934-ஆம் ஆண்டு முதல் பயன்பட்டுவரும் அவ்வணையின் முழுக் கொள்ளளவு 9,347 கோடி கன அடி. வினாடிக்கு 1 லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் வந்தால் சேருவது 864 கோடி கன அடி. ஆகவே, அணை வற்றியிருக்குமாயின் ஏறக்குறைய 11 நாள் வெள்ளத்தைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். 120 அடி நிறைந்தபின் அதனால் அடக்கக்கூடியது யாதுமில்லை. வருவதை அப்படியே கீழே விட்டாகவேண்டும்.

ஆடி, ஆவணி மாதங்களில் வரும் இவ்வெள்ளம் குடகு மலையிலும், கபினி பிறக்கும் வயநாட்டிலும் பெய்யும் மழையால் உண்டாவது. அக்காலத்தில் தஞ்சைச் சீமையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வானத்தைப் பார்த்து வெள்ளத்தை மதிப்பிடுவோர் ஏமாறுவது இதனாலேயே. பாசனத்திற்குத் திறக்கப்படும் சிறிய நீரோட்டம் மேட்டூரிலிருந்து கல்லணை சேர மூன்று நான்கு நாட்களாகும். பெருவெள்ளம் அதனினும் விரைந்து வரும்.

மத்திய நீர் ஆணையம் முக்கியமான அளவிடங்கள்தோறும் எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம் என இரண்டை வரையறுத்து, அதுவரை கண்ட உச்ச வெள்ள மட்டத்தையும் குறித்து வைத்திருக்கிறது. எச்சரிக்கை மட்டத்தில் படித்துறைகள் மூழ்கும், பரிசல் நின்றுவிடும், படுகையிலுள்ள வாழைக்கும் காய்கறிக்கும் ஜலம் ஏறத் தொடங்கும். அபாய மட்டத்தில் தாழ்ந்த தெருக்களில் ஜலம் புகும். பவானி, குமாரபாளையம், பள்ளிப்பாளையம் ஆகிய ஊர்களின் கரையோர வீடுகள் 2018-லும் 2022-லும் இவ்வாறு மூழ்கின. இந்நிலையில் கரை உடையாமலே வயல் மூழ்குவதும் உண்டு. ஆற்றின் மட்டம் வடிகால் வாயினும் உயர்ந்தால் வயல் ஜலம் வெளியேற வழியிராது.

உச்ச வெள்ளத்திற்கு இன்றும் எடுத்துக்காட்டாவது 1924 ஜூலையில் வந்ததாகும். அப்போது மேட்டூர் அணை இல்லை. பிற்காலத்தில் அணையின் உபரிநீர்ப் போக்கிகளை அமைத்தபோது அவ்வெள்ளத்தின் அளவே கருத்திற் கொள்ளப்பட்டது.

வெள்ளம் இறங்குங்காலமும் அஞ்சத்தக்கதே. பல நாள் ஊறிய மண்கரைக்கு ஆற்று ஜலமே ஒருபுறம் அண்டையாக நிற்கிறது. அது சட்டென்று வடிந்தால் கரை தன் பாரத்தாலேயே சரிந்துவிடும். 1836-ல் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்டு 22-ந் தேதி 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதும் வெள்ளம் உச்சம் கடந்து தணிந்துகொண்டிருந்த சமயத்திலேதான். ஆகவே, "வடிகிறது" என்ற சொல்லைக் கேட்டு மாடு கன்றுகளைப் படுகைக்குத் திருப்புவது அவசரமாகும்.

முக்கொம்பில் மிகுதியான வெள்ளம் கொள்ளிடத்திற் செலுத்தப்படுவதால், காவேரிக் கிளைகளின் கரையிலுள்ளோர் தப்புகின்றனர். கொள்ளிடத்தார் அதன் பாரத்தைச் சுமக்கின்றனர். கடலை அடுத்துள்ள நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் முதலிய திட்டுக் கிராமங்களின் ஜனங்கள் 2022-ல் வீடுகளை விட்டு முகாம்களில் தங்க நேர்ந்தது. கடல் ஏற்றமிருக்கும் வேளையில் அங்கே ஜலம் வடிவது பின்னும் தாமதமாகும்.

சங்கங்கள் இவ்விஷயத்தில் செய்யத்தக்கவை சில. அடகுச் சீட்டுகள், பங்குப் பேரேடு, நாள்வழி இவற்றை எச்சரிக்கை மட்டத்திலேயே மாடிக்கோ மேட்டு வீட்டிற்கோ மாற்றவேண்டும். அபாய மட்டத்தில் வண்டி ஓடாது. உர மூட்டைகளை அடுக்கும் பலகை, முன் கண்ட வெள்ளக் குறிக்கு ஓரடியேனும் மேலிருப்பது நலம். கடினமானது கடன் விஷயம். படுகை நிலங்களிற் பல ஆற்றுப் புறம்போக்காதலால், அவற்றைப் பயிரிடுவோர்க்கு அடங்கலில் பதிவிருப்பதில்லை. பதிவில்லாதவனுக்குச் சங்கக் கடனும் இல்லை, சேதத்திற்கு நிவாரணமும் எளிதிற் கிட்டுவதில்லை. அவன் லேவாதேவிக்காரனிடமே செல்கிறான். வெள்ளத்தால் மிகுதியும் இழப்பவன் அவனே என்பதை நிர்வாகக் கமிட்டியார் எண்ணிப் பார்க்கவேண்டும். பட்டா நிலமுடைய அங்கத்தினர்கள் நடவு முடிந்தவுடன் அடங்கற் பதிவைச் சரிபார்த்துக்கொள்வதும், ஜலம் வடியுமுன்னரே சேதத்தைத் தேதியுடன் படம் பிடித்து வைப்பதும், கடன் தவணை நீட்டிக்க விண்ணப்பிக்குங்கால் பெரிதும் உதவும்.

ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னும் சங்கக் கட்டடச் சுவரில் ஜலம் நின்ற மட்டத்திற் கோடிட்டு, தேதியையும், அன்று மேட்டூரிலிருந்து விடப்பட்ட கன அடியையும் பக்கத்தில் எழுதி வைக்கலாம். அடுத்த முறை வானொலியிலோ கைபேசியிலோ "1 லட்சத்து 50 ஆயிரம் கன அடி" என்ற அறிவிப்பு வருங்கால், அவ்வூரில் ஜலம் எந்தத் திண்ணைவரை ஏறும் என்பதை அச்சுவரைப் பார்த்தே ஒருவாறு சொல்லிவிடலாம்.