குழந்தைக்கு வெட்டுக்காயம்: "அப்பா வரட்டும்" என்று காத்திருக்கலாமா?



மூன்று வயதுப் பிள்ளை. மத்தியான நேரம். அம்மா அடுப்படியில், அப்பா வயலில். ஓடி வந்த பிள்ளை வாசற்படி தட்டி விழ, ஆட்டுக்கல் விளிம்பில் நெற்றி மோதிவிடுகிறது. புருவத்துக்கு மேலே தோல் பிளந்து, முகமெல்லாம் ரத்தம். இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். அதற்குப் பிறகு நடப்பதுதான் வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது.

ஒரு வீட்டில் பாட்டி காப்பித்தூளை அள்ளி அப்புகிறார். "அவன் வரட்டும், வந்து கூட்டிக்கிட்டுப் போவான்" என்கிறார். தாய்க்கோ மனம் துடிக்கிறது. ஆனால் கையில் காசில்லை. கேட்காமல் கிளம்பினால் ஏசுவார்களோ என்றும் பயம். பொழுது சாய்ந்து வருகிற கணவர் கேட்கும் முதல் கேள்வி, "நீ என்னடி பண்ணிக்கிட்டிருந்தே?" அதற்கு ஒரு சண்டை, ஒரு அழுகை. பிள்ளை ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது இரவு ஆகிவிடுகிறது.

தையல் போட வேண்டிய காயத்துக்கு நேரம் முக்கியம். கூடுமானால் 6 மணி நேரத்துக்குள் டாக்டர் பார்த்துவிடுவது நல்லது. முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் அங்கே சற்றுத் தாமதமானாலும் தைப்பது உண்டு. ஆனால் நேரம் போகப் போகக் காயத்தில் கிருமி பெருகும். அழுக்கேறிய காயத்தை மூடித் தைத்தால் சீழ் உள்ளேயே கட்டிக்கொள்ளும். ஆகவே சில காயங்களைத் திறந்தபடியே விட்டு, சில நாள் கழித்துத் தைக்க நேரிடும். சிலவற்றைத் தைக்கவே முடியாது. வடுவும் பெரிதாக நிற்கும்.

எனவே கணவன் மனைவி இருவரும் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. கணவன்மார்களே, இதை உங்கள் தாயார் காதில் விழும்படி நீங்களே சொல்லிவிடுங்கள். மருமகள் சொன்னால் எடுபடாத வீடுகள் இன்னும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் தையலுக்குப் பணம் இல்லை. 108 ஆம்புலன்சுக்கும் பணம் இல்லை. இருந்தாலும் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கொஞ்சம் ரூபாய் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கட்டும். இரவில் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் டாக்டர் இருப்பதில்லை. உங்கள் ஊருக்கு அருகில் இரவில் எங்கே போவது என்று கிராம சுகாதார செவிலியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

கிளம்புவதற்கு முன்

முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள். துவைத்த சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். முழுதாக 10 நிமிடம். "நின்னுச்சா, பார்ப்போம்" என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. தலையிலும் நெற்றியிலும் சின்னக் காயம்கூட நிறைய ரத்தம் விடும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். ரத்தம் நின்ற பிறகு குடிக்கிற நல்ல தண்ணீரை ஊற்றி மண்ணையும் தூசியையும் கழுவலாம். கண்ணாடித் துண்டோ ஆணியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அது அசையாதபடி பார்த்துக்கொண்டு அப்படியே கொண்டு போங்கள்.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல், சாணம், மண்ணெண்ணெய் எதுவும் காயத்தில் படக்கூடாது. அப்பிய காப்பித்தூளை ஒட்ட ஒட்டச் சுரண்டி எடுத்த பிறகுதான் டாக்டர் தைக்க முடியும். பிள்ளைக்குத் தையலைவிட அந்தச் சுரண்டல்தான் வலிக்கும். மண்ணிலும் சாணத்திலும் இரணஜன்னிக் கிருமி இருக்கிறது. அது தாடையை இறுக்கி, உடம்பையே வில்லாக வளைத்து, உயிரைப் பறிக்கக்கூடிய நோய்.

ரத்தம் நிற்காத காயம், வாய் பிளந்து நிற்கிற காயம், மூட்டின் மேலும் முகத்திலும் பட்ட ஆழமான காயம், இவற்றைத் தையல் தேவையா என்று டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். நாய் கடித்த காயம் வேறு வகை. சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்கு உடனே ஓடுங்கள். அதைப் பெரும்பாலும் உடனே தைக்கமாட்டார்கள். "தையல் போடவே இல்லையே" என்று டாக்டரிடம் வாதாட வேண்டாம்.

தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, காதிலோ மூக்கிலோ நீர் வடிந்தாலோ, காயம் சிறிதென்று இருந்துவிடாதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வழியில் "பாவம், அழுது களைச்சிருக்கான்" என்று பாலும் பன்னும் வாங்கிக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது. தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். 6, 10, 14 வாரங்களிலும், பிறகு ஒன்றரை வயதை ஒட்டியும் ஊசிகளைச் சரியாகப் போட்ட மூன்று வயதுப் பிள்ளைக்கு, இரணஜன்னிக்காக இன்னொரு ஊசி பெரும்பாலும் வேண்டியிராது. அட்டை இல்லாவிட்டால் டாக்டருக்கு அது தெரிய வழியில்லை.

தையல் போடும்போது

காயத்தைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகே தைப்பார்கள். "ஊசியே போடமாட்டாங்க கண்ணு" என்று பொய் சொல்லாதீர்கள். "முதல்ல சுருக்குன்னு இருக்கும், அப்புறம் வலிக்காது, அம்மா இங்கேயே இருக்கேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். சோறு உண்ணாத பிள்ளையை "டாக்டரிடம் சொல்லி ஊசி போடுவேன்" என்று தினமும் மிரட்டுகிற வீட்டுப் பிள்ளைதான் அன்றைக்கு அதிகம் திமிறும். தாயோ தந்தையோ, மனத் தைரியம் உள்ளவர் பக்கத்தில் இருந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளலாம். தலை சுற்றுகிறவர் வெளியே உட்காருவதே உதவி. ஆண்பிள்ளைக்கு மயக்கம் வராது என்று யாரும் எண்ண வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரண்டு நாள் கட்டு நனையக்கூடாது. வெள்ளி, சனி என்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதைத் தள்ளி வையுங்கள். முட்டை, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று சொல்லிப் பிள்ளையைக் கஞ்சியோடு நிறுத்திவிடுகிறார்கள். அது சரியல்ல. சதை கூடுவதற்கு முட்டையும் பருப்பும் பாலும் வேண்டும். கீரை, கொய்யா, நெல்லிக்காயும் கொடுக்கலாம். காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, சீழோ துர்நாற்றமோ வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, குறித்த தேதிக்குக் காத்திராமல் அன்றே காட்டுங்கள்.

முகத்துத் தையலை சுமார் 5 நாளில் பிரிப்பார்கள். தலையில் போட்டதை 7 முதல் 10 நாளில். முழங்கால் போன்ற மூட்டுகளில் 2 வாரம்வரை ஆகலாம். தானாகக் கரையும் நூல் போட்டிருந்தால் பிரிக்கவே வேண்டாம். எந்த நூல் என்று கிளம்பும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலேயே பிளேடால் அறுத்து எடுப்பது வேண்டாம். பிரித்த பின் வடு சில மாதம் சிவந்து தடித்திருக்கும். பிறகு மெல்ல மங்கும். முழுதாக மங்க ஒரு வருஷமும் ஆகலாம்.