முதலில் மாதம், பிறகுதான் கடற்கரை

அந்தமானுக்குக் கிளம்பும் குடும்பங்கள் முதலில் கேட்பது "அங்கே நம்பர் ஒன் பீச் எது?" என்பதுதான். பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள்: ராதாநகர். 2004-இல் 'டைம்' இதழ் அதை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. 2020-இல் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. ராதாநகர் பேரழகுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒரே கடற்கரை எல்லாவற்றுக்கும், எல்லா மாதத்துக்கும் சிறந்தது என்ற நம்பிக்கை பலருடைய விடுமுறையைக் கெடுத்திருக்கிறது.

ராதாநகர் இருப்பது ஹேவ்லாக் தீவின் மேற்குக் கரையில். (2018-இல் அத்தீவுக்கு சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான்.) நீண்ட மணல்வெளி, பின்னால் ஓங்கிய காடு. கடல் அமைதியாக உள்ள மாதங்களில் குளிக்கவும் சூரியன் இறங்குவதைப் பார்க்கவும் அதற்கு இணை குறைவு. பவளப்பாறை பார்க்க அங்கே போனால் ஏமாற்றம்தான், காலடியில் வெறும் மணல். பவளத்துக்கு அதே தீவின் எலிஃபண்ட் பீச்சுக்குப் படகில் போக வேண்டும், அல்லது காட்டு வழியே நடக்க வேண்டும். சூரியோதயம் வேண்டுமானால் கிழக்குக் கரையில் விஜயநகர், காலாபத்தர்.

கிழக்குக் கரையில் அறை எடுத்தவர்கள் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு: "படத்தில் நீலத் தண்ணீர், நேரில் வெறும் பாறை." படம் பொய் இல்லை. நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறத்தாழ 2 மீட்டர் வித்தியாசம் வரும். மெரினாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பழக்கமில்லாத காட்சி. சென்னையில் அந்த வித்தியாசம் சுமார் 1 மீட்டர்தான், கரையும் சரிவானது. ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையோ ஆழமில்லாத பவளத் திட்டு, தண்ணீர் வற்றினால் வெகுதூரம் வரை பாறை தெரியும். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். தேதியைக் குறிக்கும்போதே வீட்டு நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியைப் பார்த்துவிடுங்கள். எந்த மணிக்குக் குளிக்கலாம் என்பதைத் தங்கும் விடுதியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

மாதத்தைப் பற்றிய நம்பிக்கைதான் இன்னும் விலை கூடியது. "தீவுதானே, எப்போது போனாலும் வெயில் இருக்கும்." அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, ஏறக்குறைய சென்னையைப் போல இரு மடங்கு. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, வழக்கமாக மே மூன்றாம் வாரத்தில், அந்தமானுக்கு வந்துவிடும். நம் பள்ளி விடுமுறையோ மே மாதத்தில் வருகிறது! ஏப்ரலிலோ மே முதல் வாரத்திலோ போய் வந்தவர்கள் கண்ணாடி போன்ற கடலைப் பார்த்திருப்பார்கள். மே கடைசியில் போனவர்கள் ஜன்னலில் வழியும் மழையைத்தான் பார்த்திருப்பார்கள். தீபாவளி விடுமுறைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அக்டோபரும் நவம்பரும் வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நம்பிப் போகக்கூடிய காலம்.

வேறு வழியில்லாமல் மழைக்காலத்தில் போகிறவர்கள் காற்றின் திசையைக் கவனியுங்கள். தென்மேற்குக் காற்றின்போது ராதாநகர் போன்ற மேற்குக் கரைகளில் அலை அடித்து மோதும், கிழக்குக் கரை ஓரளவு அடங்கியிருக்கும். வடகிழக்குக் காற்று வீசும்போது நிலைமை மாறும். கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கு இடையிலான படகுகளை நிறுத்திவிடுவார்கள். ஆகையால் எந்த மாதமானாலும் கடைசி இரவை ஹேவ்லாக்கில் வைக்காதீர்கள். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தங்கிவிட்டு விமானம் ஏறுங்கள்.

இன்னொன்று, பொழுது. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் கிழக்கே பறந்தும் கடிகாரத்தைத் திருப்பத் தேவையில்லை, அங்கும் இந்திய நேரம்தான். சூரியன் மட்டும் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முந்தி நடக்கிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மதியம் தூங்கி எழுந்து 5 மணிக்குக் கடலுக்குப் போகும் நம் வழக்கம் அங்கே செல்லாது. விடிகாலையில் எழுந்தால் ஒரு முழுக் காலைப்பொழுது கையில் கிடைக்கும்.

பாஸ்போர்ட் வேண்டும், மொழி புரியாது என்பவையெல்லாம் ஆதாரமில்லாத பயங்கள். இந்தியக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை, கடைத்தெருவில் தமிழ் நன்றாகவே கேட்கும். ஆனால் எல்லாத் தீவுக்கும் போகலாம் என்பதும் தவறு. நிக்கோபார் தீவுகள் பழங்குடி மக்களின் பாதுகாக்கப்பட்ட பகுதி, சுற்றுலாவுக்குத் திறந்தவை அல்ல. அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

உயிரோடு விளையாடும் நம்பிக்கை ஒன்று இருக்கிறது: "அலை உடையாத இடம்தான் பாதுகாப்பு." இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, சற்றுக் கருமையாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். கரையில் குவிந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் பாதையாக அது இருக்கலாம். அதில் சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். முதலையும் கதை இல்லை. அலையாத்திக் காடுகளின் ஓடைகளில் உவர்நீர் முதலைகள் உண்டு, அவை கடலிலும் நீந்தும். 2010-இல் ஹேவ்லாக்கில் ஒரு அமெரிக்கப் பயணி முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், ஓடை கடலில் கலக்கும் இடத்திலும் பிள்ளைகளை இறக்காதீர்கள். உயிர்காப்பாளர் காட்டும் எல்லைக்குள் குளியுங்கள்.

கடைசியாக, "செத்த பவளம்தானே, ஒரு துண்டு எடுத்தால் என்ன?" அந்த வெள்ளை மணலில் பெரும்பங்கு சங்கும் பவளமும் உடைந்து பொடியானதுதான். கிளிமீன்கள் பவளப்பாறையைக் கொறித்து, மணலாக வெளியே தள்ளுகின்றன. காலிச் சங்குக்குள் துறவி நண்டு குடியேறும். 2010-இல் கடல் சூடேறி அந்தமான் பவளம் பெருமளவில் வெளுத்த பிறகு அந்தக் கடலிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்க மனம் வரக்கூடாது. ஜாலிபாய் தீவுக்கு பிளாஸ்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள். பவளம் தேறி வரட்டும் என்று மழைக்காலத்தில் அதை மூடிவிட்டு ரெட்ஸ்கின் தீவைத் திறக்கிறார்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். சங்கில் செய்த பொருள் வேண்டுமென்றால் அனுமதி பெற்ற கடையில் வாங்கி, ரசீதைப் பையின் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.